பம்பின் மீது விழுந்த பழி



தமிழ்ப்பள்ளியில் தமிழும் அறிவியலும் கற்பிக்கும் ஒருவன் பெட்ரோல் பம்பைப் பற்றி எழுத வருவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். இருக்கட்டும். சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் செய்தி இது. எழுதிவிட்டால்தான் எனக்கு அமைதி கிட்டும்.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறு விளக்கம். பம்பு என்பதற்கு ‘எக்கி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் உண்டு. அதனை எழுத எனக்கும் ஆசைதான். ஆயினும், உதிரிப்பாகக் கடையில் போய் ‘எக்கி’ கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்! ஆகவே பம்பு என்றே எழுதுகிறேன். தூயதமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. மேலும், நம் நாட்டில் பெட்ரோலையும் ‘எண்ணெய்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இக்கட்டுரையில் எண்ணெய் என்றால் எஞ்சினுக்குள் ஊற்றும் கறுப்பெண்ணெய் மட்டுமே.

என் மனைவியின் அண்ணன் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே, காய்கறி பயிரிடுபவர். அவரிடம் பின்புறம் திறந்த பழைய லேண்ட் ரோவர் பிக்கப் ஒன்று இருக்கிறது. 1971 முதல் 1985 வரை உற்பத்தியான சீரீஸ் 3 வகையைச் சேர்ந்தது. கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள். வேறெங்கும் காணாத அளவுக்கு இவ்வண்டிகளை அங்கே தோட்டப் பாதைகளில் காணலாம். பலவற்றில் எஞ்சினைக் கழற்றி ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். மச்சானுடைய வண்டியோ இன்னும் தன் பிறவி எஞ்சினோடுதான் ஓடுகிறது, 2.25 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல். “இத வித்தா இந்த வெலைக்கு வேற என்ன கெடைக்கும் மாப்பிள்ள?” என்பது அவருடைய வாதம். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கீழே தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும்போது வண்டிக்கு எக்குறையும் இல்லை. திரும்பி வருகையில்தான் தொல்லை. உரமூட்டைகளோடு மேட்டில் ஏறும்போது, லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும் வளைவுகளில், எஞ்சின் இருமும், விட்டுவிட்டு இழுக்கும், பிறகு நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நின்றால் மீண்டும் உயிர் வரும். மூன்றாம் முறை இவ்வாறு நடந்தபின் ஊரிலிருந்த ஒரு பட்டறையில் விட்டார்.

பட்டறைக்காரர் கதையைக் கேட்டார். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, “பம்பு போச்சு” என்றார். அன்று மாலைக்குள் புதுப் பம்பு, புது வடிகட்டி, நான்கு புதுப் பிளக்குகள். கூலியோடு 320 ரிங்கிட். வண்டி பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மழையில், அதே மேட்டில், பின்னால் ஒரு லோரி வந்துகொண்டிருந்தபோது நின்றது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. இவ்வண்டிகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். அது பிடிப்பதற்குள் வண்டி ஓரிரு அடி நழுவித்தான் நிற்கும். அருகில் அவருடைய மகள் அமர்ந்திருந்தாள். இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளை. அவள் மழையில் இறங்கி ஓடிக் கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். லோரி ஓட்டுநர் விழிப்பாக இருந்தார், நல்ல காலம்.

பட்டறைக்காரர் இம்முறையும் வண்டியைத் தொடாமலே தீர்ப்பு வழங்கினார். “புதுப் பம்பும் சரியில்ல போல. மாத்திடுவோம். இல்லாட்டி எலெக்ட்ரிக் பம்பு போட்டுடுங்க, தொல்லையே இருக்காது.” அன்றிரவு மச்சான் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

அன்பர்களே, நான் போமன் அல்லேன். என் தந்தையார் தோட்டத்து வண்டிப் பட்டறையில் வேலை செய்தவர். அவருக்குப் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்ற அனுபவம் மட்டுமே எனக்குண்டு. ஆனால் நான் அறிவியல் ஆசிரியன். ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு ‘உற்றறிதல்’ வேறு, ‘ஊகித்தல்’ வேறு என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவன். மச்சான் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உறைத்தது இதுதான்: அந்த வண்டியின்மேல் 320 ரிங்கிட் செலவாகியிருந்தது, ஓர் உற்றறிதல்கூட நடந்திருக்கவில்லை.

அதைவிட மோசமானது ஒன்றுண்டு. பம்பு, வடிகட்டி, பிளக்கு ஆகிய மூன்றும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. ‘மாறிகளைக் கட்டுப்படுத்துதல்’ என்று பாடநூலில் ஒரு திறன் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மற்றவற்றை அப்படியே வைத்திரு. அப்பொழுதுதான் எதனால் எது நிகழ்ந்தது என்று தெரியும். மூன்றையும் ஒன்றாக மாற்றியபின் வண்டி பதினொரு நாள் ஓடியதற்கு எது காரணம் என்று யார் சொல்ல முடியும்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மாறிகளை அடையாளங்காணும் வினாவுக்கு என் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதுவார்கள். அந்தத் தேர்வு 2021 இல் ஒழிக்கப்பட்டது. அவ்வினாவை நானும் புள்ளிக்காகவே கற்பித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்ப்பாடு போல மனனம் செய்ய வைத்தேன். சாலையோரத்தில் நிற்கும் வண்டிக்கு அது பயன்படும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். இந்தப் பம்பு எவ்வாறு இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது. எஞ்சினின் பக்கவாட்டில் இரும்புக் கிண்ணம் போலப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் கை ஒன்று எஞ்சினுக்குள் நீண்டிருக்கும். கேம் ஷாஃப்ட் சுழலும்போது அந்தக் கையைத் தள்ளும். கை, உள்ளே இருக்கும் ரப்பர் பூசிய துணிச் சவ்வை இழுக்கும். அந்த இழுப்பில் தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். சவ்வைத் திரும்பத் தள்ளிக் கார்புரேட்டருக்குப் பெட்ரோலை அனுப்புவது ஒரு சுருள்வில். அதாவது, உறிஞ்சுவது எஞ்சினின் வேலை, அனுப்புவது சுருள்வில்லின் வேலை. கார்புரேட்டரின் மிதவை ‘போதும்’ என்று ஊசியால் வழியை அடைத்துவிட்டால் சவ்வு இழுபட்ட நிலையிலேயே காத்திருக்கும். கை மட்டும் வீணே ஆடிக்கொண்டிருக்கும். அழுத்தம் எவ்வளவு என்பதை அந்தச் சுருள்வில்லே முடிவு செய்கிறது. எஞ்சினை எவ்வளவு விரட்டினாலும் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. அளவிலேயே இருக்கும். எனக்கு இந்த அமைப்பின்மீது பெருமதிப்பு உண்டு. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. எஞ்சின் நின்றால் தானும் நிற்கும்.

பழைய பம்பில் இன்னொரு நற்பண்பும் இருந்தது. அடியில் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம். பெட்ரோலில் வரும் துருவும் தண்ணீரும் அதிலே தங்கும். பார்த்த மாத்திரத்தில் தெரியும். பட்டறைக்காரர் போட்ட புதுப் பம்பிலோ கண்ணாடிக் கிண்ணம் கிடையாது. சாட்சியைத்தான் அவர் முதலில் அப்புறப்படுத்தியிருக்கிறார்!

நான் தொலைபேசியில் மச்சானிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். அடுத்த முறை வண்டி நின்றால், பாதுகாப்பாக ஒதுக்கிவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் காற்றுவடிகட்டிக் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். எரிபொருள் முடுக்கும் கம்பியைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிறதா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஏனெனில் சூடேறினால் செயலிழக்கும் மின்பொறிச் சுருளும் இதே நாடகத்தை ஆடும். பத்து நிமிடம் ஆறினால் அதுவும் பிழைத்துக்கொள்ளும். பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது, குறை மின்பொறியில். பீய்ச்சாவிட்டால் குறை பெட்ரோல் வழியில். ஒரு வாரத்தில் விடை வந்தது. “ஒரு சொட்டு இல்ல மாப்பிள்ள.” தொட்டி மூடியைத் திறந்து வைத்தும் ஓட்டிப் பார்த்தாராம், மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது என்பதை அவரே அறிந்திருந்தார். அப்போதும் வண்டி நின்றிருக்கிறது.

வெப்பத்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பதும் உண்டு. பம்பின்மேல் ஈரத்துணி போடும் பழைய ஓட்டுநர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று கொட்டுகிற மழையிலும் வண்டி நின்றது. ஆகவே அந்த ஊகத்தையும் ஒதுக்கிவைத்தேன்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் மலைக்குப் போனேன். வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினோம். தீயணைப்புக் கருவி பக்கத்தில். மச்சானின் நண்பர் ஒருவர் வாயில் சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வந்தார். அவரை முதலில் அனுப்பிவைத்தோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். இதில் விளையாட்டு வேண்டாம்.

முதலில் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டோம். தீப்பொறி வராதபடி மின்பொறிச் சுருளின் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவிட்டு எஞ்சினைச் சுழற்றினோம். பம்பு துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்சியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வந்தால் இத்தகைய எஞ்சினுக்குப் போதும் என்பது பழைய போமன்களின் கணக்கு. அதற்குக் குறையவில்லை. ஆகப் புதுப் பம்பின்மீது அன்றைக்குக் குற்றமில்லை. அதனை மாற்றியிருந்தால் மேலும் ஒரு 180 ரிங்கிட் போயிருக்கும்.

அடுத்துப் பம்புக்குள் நுழையும் இடத்தில், பெட்ரோலைத் தாங்கும் தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினோம். எஞ்சின் மெதுவாக ஓடியபோது பெட்ரோல் கண்ணாடி போல் ஓடியது. மச்சான் முடுக்கியை மிதித்தார். சில விநாடிகளில் குமிழி. ஒன்று, இரண்டு, பின்னர் சரம் சரமாக! எங்கிருந்தோ காற்று புகுந்துகொண்டிருந்தது.

பிறகு தொட்டியை விலக்கிவிட்டு, ஒரு சிறு பெட்ரோல் கலனிலிருந்து புதுக் குழாய் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்தோம். எவ்வளவு மிதித்தாலும் குமிழி இல்லை. அன்றைய நாளின் மிகச் சிறந்த நிமிடம் அது. பம்பிலிருந்து முன்னால் எல்லாம் நலம். குறை தொட்டிக்கும் பம்புக்கும் இடையில். அரைமணி நேரம் ஆகியிருக்கும். செலவு ஏதும் இல்லை.

சீரீஸ் 3 வண்டியில் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். தொட்டியிலிருந்து வரும் குழாயை எப்போதோ யாரோ ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்திருந்தார்கள். வெளியே ஈரமில்லை, சொட்டு இல்லை, வாடைகூட இல்லை. கழற்றி வளைத்துப் பார்த்தால், மடிப்பின் உட்புறத்தில் மயிரிழை போல வெடிப்புகள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பம்புக்கு அப்பால் உள்ள குழாய் வெடித்தால் பெட்ரோல் வெளியே ஒழுகும், எல்லாருக்கும் தெரியும். பம்புக்கு இப்பால் உள்ள குழாய் உறிஞ்சப்படும் குழாய். அது வெடித்தால் காற்று உள்ளே போகும். வெளியே ஒன்றும் வராது. சமதரையில் எஞ்சினின் தேவை குறைவு, சிறிது காற்று கலந்தாலும் சமாளிக்கும். மேட்டில், சுமையோடு, உறிஞ்சும் விசை கூடும்போது வெடிப்பு வாய் திறக்கும். பட்டறையில் பம்பை மாற்றியபோது இக்குழாய் சற்றே அசைந்திருக்க வேண்டும்; பதினொரு நாள் ஓட்டம் அப்படித்தான் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். ஆம், இதுவும் ஊகம்தான்.

புதுக் குழாய், இரண்டு கவ்விகள், 14 ரிங்கிட். மச்சான் அவற்றைப் போட்டுக்கொண்டு, உரமூட்டைகளை ஏற்றி, அன்று மாலையே தாப்பா சாலையில் கீழே போய் மேலே வந்தார். ஒரு முறைகூட இருமவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து மச்சான் மீண்டும் அழைத்தார். “மாப்பிள்ள, எண்ணெய் கூடிக்கிட்டே போவுது. ஊத்தவே இல்ல, ஆனா கூடுது.” அளவுக்கம்பியை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் வாடை. எஞ்சினை அணைத்துவிடுங்கள், இனித் தொடாதீர்கள் என்றேன். புதுப் பம்பின் சவ்வு கிழிந்துவிட்டிருந்தது. கிழிந்த வழியே பெட்ரோல் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. கலந்த எண்ணெய் தண்ணீராகிப் பேரிங்குகளைத் தின்னும். ஆவி தீப்பிடிக்கவும் கூடும். இத்தகைய பம்புகளின் உடலில் ஒரு சிறு துளை உண்டு. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அதன் வழியே வெளியே கசிந்து நமக்கு அறிவிக்கும். அந்தப் புதுப் பம்பின் துளை வண்ணப்பூச்சால் பாதி அடைபட்டுக் கிடந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘அசல்’ என்று அச்சிட்டிருந்தார்களாம்.

ஆக, உண்மையாகவே பம்பை மாற்ற வேண்டிய வேளை இப்போதுதான் வந்தது. மச்சானிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கழற்றிய பழைய பொருளைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்துவிடுவார். பழைய பம்பு ஒரு பிஸ்கட் டின்னுக்குள், செய்தித்தாளில் சுற்றி, பத்திரமாக இருந்தது. ‘போய்விட்டது’ என்று தீர்ப்புப் பெற்ற பம்பு. பெட்ரோல் நுழையும் துளையை விரலால் மூடிக்கொண்டு, கையை அழுத்திப் பார்த்தேன். விரலை இறுகப் பிடித்து உறிஞ்சியது! குற்றமற்ற பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குற்றமுள்ள பம்பைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

ஆயினும் அதன் சவ்வு வயதால் விறைத்திருந்தது. அப்படியே திரும்பப் போடத் துணிவில்லை. சவ்வு, அடைப்பிதழ்கள், கேஸ்கெட் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பை ஈப்போவில் ஒரு கடையில் தேடி வாங்கினேன். இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். பம்பின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரிக்கும் முன்னர் இரண்டின் விளிம்பிலும் அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அக்கோடுகள் நேராக அமைய வேண்டும். சவ்வின் தண்டைக் கீழே அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் கொக்கியில் மாட்டும். திருகுகளை இறுக்கும்போது கையை முழுவதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் சவ்வு விறைப்பாகப் பூட்டப்பட்டு, முதல் இழுப்பிலிருந்தே கிழியத் தொடங்கும். நான் முதன்முறை இதை மறந்துவிட்டு, எல்லாத் திருகுகளையும் மீண்டும் கழற்றினேன்.

வண்டியில் பூட்டும்போது மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். பழைய கேஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். துணுக்குகள் எஞ்சினுக்குள் விழாதிருக்கத் துளையில் துணி வைத்துக்கொள்ளலாம், துணியை எடுக்க மறவாதீர். பம்பு வைத்த இடத்தில் உட்காராமல் எதிர்த்துத் தள்ளினால், கேமின் மேடு கையை அழுத்துகிறது என்று பொருள். பலர் அப்படியே திருகுகளால் இழுத்து இறுக்குவார்கள். கையோ உடலோ பழுதாகும். எஞ்சினைக் கையால் சிறிது சுழற்றினால் மேடு விலகிப் பம்பு தானாக உட்காரும். அதே காரணத்தால்தான், பம்பின் அடியிலுள்ள கைநெம்பைத் தட்டிப் பெட்ரோல் ஏற்ற முயலும்போது சில நேரங்களில் அது தளர்ந்து கிடக்கும். பம்பு பழுதென்று பதற வேண்டாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் தட்டிப் பாருங்கள்.

பெட்ரோல் கலந்த எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிட்டே எஞ்சினை முடுக்கினோம். கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. குமிழி இல்லை.

மின்சாரப் பம்பு போடச் சொன்னாரே, அதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் பம்பு கெட்டதென்று நான் சொல்லவில்லை. வெப்பத்தால் ஆவியடைப்பு உண்டாகும் வண்டிகளுக்கு, தொட்டிக்கு அருகிலிருந்து தள்ளும் மின்பம்பே சிறந்தது. ஆனால் கடைகளில் ‘எல்லா வண்டிக்கும்’ என்று விற்கப்படும் மலிவுப் பம்புகள் பல, இந்தக் கார்புரேட்டர் தாங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாகத் தள்ளுபவை. மிதவையின் ஊசியால் அடைக்க முடியாமல் பெட்ரோல் பொங்கி வழியும். அதைவிடப் பெரிய அச்சம் வேறு. விபத்தில் வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும், சாவி திறந்திருக்கும் வரை அது பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். அழுத்தக் கட்டுப்படுத்தியும், எஞ்சின் நின்றதும் மின்சாரத்தை வெட்டும் பொறியும் இல்லாமல் அதனைப் பொருத்தக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மச்சானுக்குப் பரிந்துரைத்தவர் அவ்விரண்டையும் பற்றி வாய் திறக்கவில்லை. இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உறிஞ்சும் குழாயின் வெடிப்பைக் கண்டறியாமல், எஞ்சின் அறையில் மின்பம்பைப் பொருத்தியிருந்தால், அதுவும் காற்றைத்தான் உறிஞ்சியிருக்கும். அதே வளைவில் வண்டி நின்றிருக்கும்.

எனக்குப் பட்டறைக்காரர்மீது கோபம் இருந்தது. மறைப்பானேன்? 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை அளிப்பவர் தக்க கவனத்தோடும் திறனோடும் அதனைச் செய்ய வேண்டும் என்கிறது. முறையிட நடுவர் மன்றமும் இருக்கிறது. வெடித்த குழாயையும் கிழிந்த சவ்வையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானே அவரைப் பார்க்கப் போனேன். என்னைவிட இளையவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். குழாயை வளைத்துப் பார்த்தார். சற்றுநேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார்: “வாத்தியாரே, நீங்க சொல்றது எல்லாம் எனக்கும் தெரியும். அரைமணி நேரம் பார்த்து, ஒண்ணும் மாத்தாம, குழாய மட்டும் போட்டுட்டு அம்பது வெள்ளி கேட்டா, உங்க மச்சான் கொடுப்பாரா? ‘பதினாலு வெள்ளி குழாய்க்கு அம்பது வெள்ளியா’ன்னு ஊரெல்லாம் சொல்வாரு. புதுப் பம்பக் கையில காட்டுனா முந்நூறு கொடுக்குறாரு.”

என்னால் மறுத்துரைக்க இயலவில்லை. நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம். கண்டறியும் அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். ஒரு பட்டறையில் ‘பார்ப்பதற்கு மட்டும் இவ்வளவு’ என்று எழுதிவைத்தால் அடுத்த பட்டறைக்கு ஓடுவோம். மருத்துவரிடம் மருந்து தராமல் அனுப்பினால் முகஞ்சுளிக்கும் கூட்டம்தானே நாம்? பட்டறைக்காரர் செய்தது பிழை. அதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பெண்பிள்ளையை மழையில் கல் பொறுக்க வைத்த பிழை. ஆனால் அந்தப் பிழையை நாம்தான் காசு கொடுத்து வளர்த்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் பட்டறைக்குப் போனால், “முதலில் சோதியுங்கள், சோதனைக்குத் தனியாகப் பணம் தருகிறேன், ஒன்றையும் மாற்றவில்லை என்றாலும் தருகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழற்றிய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரு நாளில் ஒன்று.

போன மாதம் வண்டியின் பிரேக்கில் ஏதோ ஓசை என்று மச்சான் அதே பட்டறைக்குத்தான் போனார். வேறு பட்டறை அருகில் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துவிட்டு, டிரம்முக்குள் மண் புகுந்திருந்தது, துடைத்துவிட்டேன், மாற்ற ஒன்றுமில்லை என்று 40 ரிங்கிட் வாங்கிக்கொண்டாராம்.

“ஒண்ணுமே மாத்தல மாப்பிள்ள, நாப்பது வெள்ளி!” என்று மச்சான் என்னிடம் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.